வெர்சாய், 1973: மேடை கைவிட்ட பிறகும் நிமிர்ந்து நின்ற ஒரு பிரசன்டேஷன்

ஸ்டைலிங் கற்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கண் நன்றாகவே இருக்கும். எந்த அரக்குப் புடவைக்கு எந்தப் பச்சை ரவிக்கை எடுபடும், எந்தக் கழுத்துக்கு எந்த ஜிமிக்கி பொருந்தும் என்றெல்லாம் அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் தடுமாறுவது அடுத்த படியில். தேர்ந்தெடுத்ததை ஒரு கடை முதலாளி முன்போ பத்திரிகை ஆசிரியர் முன்போ வைத்து, இதை இப்படிக் காட்டினால்தான் சரியாக வரும் என்று நம்பவைக்க வேண்டிய இடத்தில். ஷூட், அதாவது விளம்பரப் படப்பிடிப்பு வேலை, கைக்கு வருவதும் கைவிட்டுப் போவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

இதைக் கற்றுக்கொடுக்க நான் திரும்பத் திரும்ப எடுப்பது 1973 நவம்பர் 28 அன்று பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில் நடந்த ஒரு ஃபேஷன் ஷோவை. மீட்டிங் அறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துப் பேசுவதும் அதுவும் ஒன்றல்ல என்பது தெரிந்ததுதான். ஆனாலும் தயாரிப்பு எங்கே பிசகும், பிசகியபின் எது காப்பாற்றும், பார்க்கிறவர் மனம் எந்தக் கணத்தில் மாறும் என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் வேறொரு நிகழ்வை நான் படித்ததில்லை.

பின்னணி

அரண்மனையைப் பழுதுபார்க்கப் பணம் தேவைப்பட்டது. அதன் காப்பாளராக இருந்தவர் ஜெரால்ட் வான் டெர் கெம்ப். அவரோடு சேர்ந்து நிதி திரட்டும் விழா ஒன்றைத் திட்டமிட்டவர் எலனோர் லாம்பர்ட். அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர்களின் பெயரை உலகம் அறியச் செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். பத்திரிகையாளர்களுக்குப் புது ஆடைகளைக் காட்ட நியூயார்க்கில் 1943-ல் தொடங்கிய ‘பிரஸ் வீக்’, 1962-ல் உருவான அமெரிக்க வடிவமைப்பாளர் மன்றம் இரண்டுக்கும் பின்னால் இருந்தவரும் இவரே.

இரு நாட்டு வடிவமைப்பாளர்களும் ஒரே மேடையில் தங்கள் ஆடைகளைக் காட்டுவதாக ஏற்பாடு. பிரான்ஸ் சார்பில் ஈவ் செயின்ட் லோரான், ஜிவான்ஷி, பியர் கார்டின், இமானுவேல் உங்காரோ, டியோர் நிறுவனத்துக்காக மார்க் போஆன். அமெரிக்கா சார்பில் ஆஸ்கர் டி லா ரென்டா, பில் பிளாஸ், ஹால்ஸ்டன், ஆன் கிளைன், ஸ்டீபன் பரோஸ். பத்துப் பேரில் பெண் ஆன் கிளைன் ஒருவர்தான். கறுப்பினத்தவர் பரோஸ் ஒருவர்தான். அப்போது அவருக்கு வயது 30.

இடம், அரண்மனைக்குள் இருக்கும் ராஜ ஓபரா அரங்கு. 1770-ல் பிற்காலத்து 16-ஆம் லூயிக்கும் மரி அன்டோனெட்டுக்கும் நடந்த திருமணத்தையொட்டித் திறக்கப்பட்ட அரங்கு அது. விருந்தினர் சுமார் 700 பேர். மொனாக்கோ இளவரசி கிரேஸ் வந்திருந்தார், ஓவியர் ஆண்டி வார்ஹால் வந்திருந்தார். விழாவை முன்னின்று நடத்தியவர் மரி எலென் டி ராத்சைல்ட் சீமாட்டி.

அன்று இரு தரப்பும் சமமானவர்களாகக் கருதப்படவில்லை. பாரிஸ் கூத்யூர் என்றால் ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துக் கையால் தைப்பது. நியூயார்க் என்றால் தொழிற்சாலையில் தைத்துக் கடையில் தொங்கவிடுவது, அதிலும் பாதி பாரிஸைப் பார்த்துச் செய்தது என்பது பொது எண்ணம். ஆன் கிளைன் செய்தது அலுவலகத்துக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் போட்டுக்கொள்ளும் எளிய ஆடைகள். அமெரிக்க அணிக்குள்ளேயே அவரை இளக்காரமாகப் பார்த்தவர்கள் இருந்ததாக, உடன் இருந்தவர்கள் பின்னர் சொல்லியிருக்கிறார்கள். இது முக்கியமான தகவல். கிளையன்ட் உங்களைச் சின்னப் பிள்ளையாகப் பார்க்கும் அறைக்குள்தான் நீங்களும் முதல்முறை நுழையப்போகிறீர்கள்.

அளவு தவறியது

அமெரிக்கர்களின் மேடைப் பின்னணிக்கு ஓவியர் ஜோ யூலா பொறுப்பு. பெரிய பின்திரை தயாராகி வந்து மேடையில் தூக்கியபோது அது பொருந்தவில்லை. ஒரு பக்கம் அடிக் கணக்கு, இன்னொரு பக்கம் மீட்டர் கணக்கு. கணக்கு மாறியதில் திரை சிறுத்துவிட்டது. புதிதாகச் செய்ய நேரமில்லை. யூலா வெள்ளைப் பின்திரை ஒன்றை எடுத்து, கறுப்பு வண்ணத்தில் ஐஃபல் கோபுரத்தைச் சில கோடுகளில் வரைந்தார். அன்றைய அமெரிக்க மேடையில் கிட்டத்தட்ட அலங்காரம் என்று இருந்தது அது மட்டுமே.

வகுப்பில் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். ஏனென்றால் இது நம் தொழிலில் தினம் நடப்பது. ரவிக்கைக்கு அங்குலத்தில் அளவெடுக்கிறோம், துணியை மீட்டரில் வாங்குகிறோம், தலையில் வைக்கும் பூவை முழத்தில் வாங்குகிறோம், ஷூட்டுக்குப் பின்னால் தொங்கவிடும் துணியை அடியில் சொல்கிறோம். ஒரே நாளில் நான்கு கணக்கு. யார் எந்தக் கணக்கில் சொன்னார்கள் என்று எழுதிவைக்காதவர் ஒருநாள் மாட்டிக்கொள்வார். பிரசன்டேஷனிலும் இப்படித்தான். உங்கள் லேப்டாப்பில் அழகாக இருந்த தமிழ் எழுத்து, கிளையன்ட் அலுவலகக் கணினியில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஃபான்ட் அங்கே இல்லை. ஃபைலைப் பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துப்போயிருந்தால் அது நேராது. ப்ரொஜெக்டர் கேபிளும் உங்கள் லேப்டாப்பின் ஓட்டையும் சேராமல் போகும். இதையெல்லாம் முதல்நாளே போன் போட்டுக் கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தச் சம்பவம் தரும் பெரிய விஷயம் முன்னெச்சரிக்கை இல்லை. பின்னணி போனதும் அமெரிக்கர்களிடம் மிஞ்சியது என்ன என்று பாருங்கள். ஆடை, அதைப் போட்டவர்கள், இசை, வெளிச்சம். அவ்வளவுதான். அவை போதுமானவையாக இருந்தன என்பதுதான் அந்த இரவின் சாரம்.

ஒத்திகை

மேடை பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்கள் முடித்தபிறகே அமெரிக்கர்களுக்கு முறை வந்தது, அதுவும் இரவு வெகுநேரம் கழித்து. நவம்பர் மாதக் குளிரில் சரியான கதகதப்பு இல்லாத கட்டடம். சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. நடன அமைப்பு கே தாம்ப்சனுடையது. பாடகியாகவும் நடிகையாகவும் பெயர் பெற்றவர், கண்டிப்பானவர். ஐந்து வடிவமைப்பாளர்களுக்கும் ஐந்து கௌரவங்கள். சண்டை மூண்டது, ஹால்ஸ்டன் கோபித்துக்கொண்டு வெளியேறினார். அமெரிக்க அணியோடு மேடையேற வந்திருந்த நடிகை லைசா மினெல்லிதான் எல்லோரையும் சமாதானப்படுத்தி வேலைக்குத் திருப்பினார் என்று அங்கிருந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் அவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியிருந்தார். ஆனாலும் நள்ளிரவுக் குளிரில் மற்றவர்களோடு நின்று ஒத்திகை பார்த்தார்.

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மாணவர்கள் ‘பாவம்’ என்பார்கள். நான் வேறு ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். இவ்வளவு இடைஞ்சலுக்கும் நடுவே அவர்கள் ஒத்திகையை விடவில்லை. நம்மில் எத்தனை பேர் ஒரு பிரசன்டேஷனை வாய்விட்டு, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து, முழுதாக ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறோம்? ஸ்லைடு செய்வதோடு தயாரிப்பு முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. வாய் எங்கே குழறுகிறது, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, மாடலின் முந்தானையைச் சரிசெய்து பின் குத்தும்போது பேச்சு எப்படி நின்றுபோகிறது, இதெல்லாம் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். வீட்டில் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விதான் பெரும்பாலும் கிளையன்ட் கேட்கப்போகும் கேள்வி.

அந்த இரவு

முதலில் பிரெஞ்சுக்காரர்கள். முழு ஆர்கெஸ்ட்ரா நேரடியாக வாசித்தது. பூசணிக்காய் வண்டி வந்தது, ராக்கெட் வந்தது. பாலே கலைஞர் ருடால்ஃப் நூரியேவ் ஆடினார், பாடகி ஜோசஃபின் பேக்கர் மேடையேறினார். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீண்டது.

பிறகு அமெரிக்கர்கள். பதிவு செய்த இசை. பின்னால் கறுப்புக் கோட்டில் ஒரு கோபுரம். லைசா மினெல்லி பாரிஸுக்கு வணக்கம் சொல்லும் பாட்டோடு தொடங்க, மாடல்கள் பழுப்பும் மணல் நிறமுமான அன்றாட உடைகளில் மேடையை நிறைத்தார்கள். கவுன் இல்லை, மினுக்கு இல்லை. ஒவ்வொரு வடிவமைப்பாளரும் தன் பகுதியைச் சுருக்கமாக வைத்துக்கொண்டார். எல்லாம் சேர்ந்து சுமார் 35 நிமிடம்.

அந்த 36 மாடல்களில் பத்துப் பேருக்குக் குறையாமல் கறுப்பினப் பெண்கள். பாட் கிளீவ்லாண்ட், பெத்தான் ஹார்டிசன், பில்லி பிளேர், ஆல்வா சின் ஆகியோர் அவர்களில் சிலர். பாரிஸ் வரவேற்பறைகளில் அதுவரை நடந்த ஷோக்களில் மாடல் என்றால் எண் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நடந்து போகிறவர். இவர்கள் இசைக்கு நடந்தார்கள். பாட் கிளீவ்லாண்ட் மேடை ஓரம்வரை சுழன்றுகொண்டே வந்தபோது விழுந்துவிடுவாரோ என்று முன்வரிசை பதறியது. பரோஸின் ஜெர்சி ஆடையில் ஹார்டிசன் நிமிர்ந்து நடந்து வந்து, நின்று, அந்தக் கனவான்கள் கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்தார். அரங்கு கூச்சலிட்டது. நிகழ்ச்சிநிரல் தாள்களை மேலே எறிந்தார்கள்.

எது மாற்றியது?

‘சுருக்கமாக இருந்ததால் ஜெயித்தார்கள்’ என்பது எளிதில் கிடைக்கும் பதில். பாதிதான் சரி. பிரெஞ்சுக்காரர்களும் 35 நிமிடத்தில் முடித்திருந்தால் வென்றிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் மேடையில் வண்டியும் ராக்கெட்டும் பார்வையை இழுத்துக்கொண்டன. ஆடை அவற்றுக்குப் பின்னால் நின்றது. ஜிவான்ஷியும் செயின்ட் லோரானும் தைத்த ஆடையில் குறை சொல்ல யார் இருக்கிறார்கள்? பார்க்கவிடவில்லை, அவ்வளவுதான். செயின்ட் லோரான் 1976-ல் காட்டிய ரஷ்ய பாணித் தொகுப்பை உலகமே கொண்டாடியது. அன்று இரவோடு பாரிஸ் சாய்ந்துவிட்டது என்று சொல்வோர் கதையைச் சுவையாக்கப் பார்க்கிறார்கள்.

என் கணிப்பில் திருப்பம் வந்தது வரிசையால். மணல் நிறத்தில், தாழ்ந்த சுருதியில் தொடங்கினார்கள். கண்ணுக்கு முதலில் ஓய்வு கொடுத்தார்கள். அதன்பின் நிறம் வந்தபோது, உடல் சுழன்றபோது, அது இரட்டிப்பாகத் தெரிந்தது. கச்சேரியில் வர்ணம் பாடித் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்டு, பிறகு பெரிய ராகத்தை எடுப்பது போல. நம் மாணவர்களின் ஸ்லைடு தொகுப்பில் முதல் ஸ்லைடே முகூர்த்தப் புடவை, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி என்று உச்சத்தில் நிற்கும். அதற்குமேல் ஏற இடமில்லை. மூன்றாவது லுக் (ஆடையும் நகையும் சேர்ந்த ஒரு முழு அலங்காரம்) வருவதற்குள் எதிரில் இருப்பவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நிச்சயதார்த்தத்துக்கான மெல்லிய பட்டிலோ, தாலி கட்டி முடிந்தபின் உட்கார்ந்து பேசும்போது கட்டும் பருத்தியிலோ தொடங்குங்கள். முகூர்த்தம் தானாக எடுபடும்.

இரண்டாவது, யார் உடம்பில் ஆடை இருந்தது என்பது. இதை நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுத் துணிக்கடை விளம்பரங்களில் நெடுங்காலமாக வெளுத்த நிறத்து மாடல்களையே பார்த்து வளர்ந்திருக்கிறோம். அந்தக் கடைகளில் புடவை வாங்குகிறவர்கள் மாநிறமும் கறுப்பும். மாம்பழ மஞ்சளும் அரக்கும் கத்தரிப்பூ நிறமும் மாநிறத்தில் எப்படி ஒளிர்கின்றன என்று கண்ணாடியில் பார்த்து அறிந்தவர்கள் அவர்கள். ஸ்டைலிஸ்ட் தன் பிரசன்டேஷனில் மாடலை முன்மொழியும்போது, அந்தத் தேர்வு ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். ‘உங்கள் கடைக்கு வருகிறவர் தன்னை இந்தப் படத்தில் பார்ப்பார்’ என்பது வியாபாரிக்குப் புரிகிற காரணம். வெர்சாயில் கிளீவ்லாண்டும் ஹார்டிசனும் செய்ததை நினைத்துப் பார்த்தால், இந்த வாக்கியத்தைச் சொல்லும் துணிவு வரும். அவர்களை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அழைத்துக் கௌரவித்தது 2011 ஜனவரியில்தான். அத்தனை தாமதம்.

மூன்றாவது, உடன் வந்த எல்லோரும் ஒரே தாளத்தில் இருந்தது. அதற்குக் காரணம் அந்தக் குளிர்ந்த ஒத்திகைதான். அதுபற்றி மேலே சொல்லிவிட்டேன்.

இதை வகுப்புக்குக் கொண்டுவருவது

இந்த நிகழ்வை அலசியபின் நான் தரும் முதல் பயிற்சியில் ஸ்லைடுக்கு இடமில்லை. ஆடை தொங்கவிடும் ஒரு ரேக், ஒரு மாடல், ஒரு லுக், மூன்று நிமிடம். லேப்டாப் திறக்கக்கூடாது. பின்திரை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது சொல்லுங்கள். ஆரம்பத்தில் பலர் ‘எலிகன்ட்’, ‘ராயல்’, ‘டிரெண்டி’ என்று மூன்று சொல்லோடு நின்றுவிடுவார்கள். படம் இருந்தால் அந்தச் சொற்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. படம் இல்லாதபோது அவற்றுக்குள் ஒன்றும் இல்லை என்பது பேசுகிறவருக்கே கேட்கும். பிறகு மெதுவாகப் பார்க்கத் தொடங்குவார்கள். தனியாக நெய்து இணைத்த கோர்வைக் கரை புடவையின் உடலோடு சேரும் இடத்தில் நிறம் எப்படி மாறுகிறது, முழங்கைவரை கை வைத்த ரவிக்கை ஏன், கல் நகை வேண்டாம் என்று மங்கிய தங்கம் எடுத்தது ஏன். பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தப் பேச்சு கைக்கு வந்தபிறகு மனநிலையைக் காட்டும் படத்தொகுப்பான மூட் போர்டு போடலாம், அலங்காரங்களை அடுக்கிய லுக் போர்டு போடலாம். அவை பேச்சுக்குத் துணை நிற்கும்.

நிறத்தை ஸ்கிரீனை நம்பி விடாதீர்கள். ப்ரொஜெக்டரில் அரக்கு பழுப்பாகிவிடும், மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும், ஜரிகை வெள்ளைக் கோடாக எரியும். துணித் துண்டுகளைக் கையோடு எடுத்துப்போங்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் காட்டுங்கள், கிளையன்ட் கையில் கொடுங்கள். பட்டு விற்கும் குடும்பத்தில் பிறந்தவர் துணியைத் தொட்டதும் அவர் உட்காரும் விதமே மாறும். அதுவரை நீங்கள் அவரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள், இனி அவர் உங்களிடம் பேசுவார்.

நிற்கும் இடத்தையும் முன்பே தீர்மானியுங்கள். லுக்குக்கும் கிளையன்டுக்கும் நடுவே நிற்கக்கூடாது. ரேக்கின் பக்கவாட்டில், கை நீட்டினால் துணி எட்டும் தூரத்தில் நில்லுங்கள். புடவை என்றால் மடிப்பை வீட்டிலேயே எடுத்து, ஸ்டீமர் போட்டு, கிளிப் மாட்டிக் கொண்டுபோங்கள். அங்கே போய்க் கொசுவம் எடுத்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடைத்த பத்து நிமிடத்தில் நான்கு போய்விடும். ஸ்லைடில் எழுதியிருப்பதை வாசிக்கவே வாசிக்காதீர்கள். அவருக்கும் படிக்கத் தெரியும்.

வெர்சாய் சொல்லாத பகுதி

அந்த மேடையில் கேள்வி நேரம் கிடையாது. கைதட்டல் முடிந்து விருந்துக்குப் போய்விட்டார்கள். நம் பிரசன்டேஷன் பாதி அங்கேதான் தொடங்குகிறது, அதனால் இந்தப் பகுதியை நான் தனியாகப் பயிற்றுவிக்கிறேன்.

‘இந்தக் கலர் எங்க கஸ்டமர் எடுப்பாங்களாம்மா?’ என்று கடை முதலாளி கேட்பார். ‘கண்டிப்பா எடுப்பாங்க சார்’ என்பது பதிலே அல்ல. முந்தின வாரம் அவர் கடைக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்திருந்தால் வேறு பதில் வரும். ‘உங்க பட்டு செக்‌ஷன்ல வெளிர் நிறம் எல்லாம் மேல் தட்டுல மடிச்சபடியே இருந்துச்சு சார். கேட்டவங்களுக்கு மட்டும்தான் எடுத்துக் காட்டினாங்க. பிரிச்சுப் போட்டதும் ரெண்டு பேர் தோள்ல வச்சுப் பார்த்தாங்க. படத்துல கட்டிக் காட்டினா கேட்டு வருவாங்கன்னு தோணுது.’ இதில் உறுதிமொழி எதுவும் இல்லை, பார்த்தது இருக்கிறது. அதை அவரால் தன் அனுபவத்தோடு ஒட்டிப்பார்க்க முடியும்.

‘போன தடவை மாதிரியே பண்ணிடலாமே’ என்றால் எதிர்த்துப் பேச வேண்டாம். போன தடவைப் படங்களையும் உங்கள் லுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறுகிறது, எது மாறவில்லை என்று காட்டுங்கள். அவர் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் மாறியிருக்கும். தெரியாத கேள்வி வந்தால், ‘நாளைக்கு மதியத்துக்குள்ள பார்த்துச் சொல்றேன் சார்’ என்று சொல்லி, சொன்ன நேரத்துக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

கடைசியில் பணம் வரும். ‘எவ்வளவு ஆகும்?’ நகை வாடகை, ரவிக்கைத் தையல், ஷூட் முடிந்து டிரை கிளீனிங், உதவியாளர் சம்பளம், வண்டி, மாடலுக்குரிய நியாயமான தொகை எல்லாவற்றையும் தனித்தனி வரியாக எழுதிய ஒரு தாளை அப்போது எடுத்து வையுங்கள். மொத்தத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே ‘கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்’ என்று நீங்களே இறங்கிவிடக்கூடாது. அவர் தாளைப் படித்து முடிக்கட்டும்.